ஒரு நாள் உள்ளே போக ஒரு வாரக் கூலி

2009 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு தன் ஒரு நாள் டிக்கெட்டின் விலையை 75 டாலரிலிருந்து 79 டாலராக ஏற்றியது. மூன்று முதல் ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு 68 டாலர். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று நான்கு பேர் ஒரு நாள் உள்ளே போக, வரி சேர்க்காமலே 294 டாலர் ஆனது.

அதற்குச் சில நாட்கள் முன்னால்தான், ஜூலை 24-ஆம் தேதி, அமெரிக்கக் கூட்டரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலராக உயர்ந்திருந்தது. அந்தக் கூலியில் வாரம் 40 மணி நேரம் உழைப்பவருக்குக் கிடைப்பது 290 டாலர். பிடித்தம் எதுவும் இல்லாமல் ஒரு வாரச் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாலும், வாசலில் நான்கு டாலர் குறையும். கார் நிறுத்தக் கட்டணம், மதியச் சாப்பாடு, வெயிலுக்குத் தண்ணீர், குழந்தை அடம்பிடித்துக் கேட்கும் மிக்கி மவுஸ் தொப்பி எல்லாம் அதற்கு மேல்.

அது எப்படிப்பட்ட நேரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2007 டிசம்பரில் தொடங்கிய பொருளாதாரச் சரிவு, 2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் உலகத்தையே உலுக்கியது. கணக்குப்படி சரிவு 2009 ஜூனில் முடிந்துவிட்டது என்று பொருளியலாளர்கள் பின்னால் அறிவித்தார்கள். ஆனால் வேலை இழந்தவர்களுக்கு அது முடியவில்லை. அந்த ஆகஸ்டில் வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வீடுகளை வங்கிகளிடம் பறிகொடுத்த குடும்பங்கள் மிக அதிகமாக இருந்த மாநிலங்களில் ஒன்று, டிஸ்னி வேர்ல்டு இருக்கும் அதே ஃப்ளோரிடா.

எல்லா விலையும் ஏறியது, டிக்கெட்டும் ஏறியது என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் பொது விலைவாசி ஏறவில்லை, இறங்கியது. நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 1955-க்குப் பிறகு முதல் முறையாகக் குறைந்தது 2009-இல்தான். பெட்ரோல் இறங்கியது, வீட்டு விலை இறங்கியது, பங்கு விலை முன்னமே இறங்கிவிட்டது. ஆர்லாண்டோவில் மட்டும் டிக்கெட் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறியது.

அந்த ஒரு முறையோடு அது நிற்கவும் இல்லை. 2007-இல் 71 டாலர். 2008 ஆகஸ்டில் 75. 2009-இல் 79. 2010-இல் 82. 2011 ஜூனில் 85. அமெரிக்கா தன் வாழ்நாளில் கண்ட மிகக் கொடிய சரிவுகளில் ஒன்றைக் கடந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகளில், டிக்கெட் விலை கிட்டத்தட்ட 20 சதவீதம் ஏறியிருக்கிறது. அதே காலத்தில் பொது விலைவாசி ஏறியது அதில் பாதிகூட இல்லை. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்திலும் இதே கதைதான்: 2008-இல் 69, 2009-இல் 72, 2010-இல் 76, 2011-இல் 80.

கூட்டம் குறையவில்லை, லாபம் குறைந்தது

ஊரே வேலை இழந்து நிற்கும்போது விலையை ஏற்றினால் கூட்டம் குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. டிஸ்னி தன் பூங்காக்களுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. ஆனால் இத்துறையில் ஆண்டுதோறும் வெளியாகும் மதிப்பீடுகளின்படி, ஆர்லாண்டோவின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு 2008-இல் சுமார் 170 லட்சம் பேர் வந்தார்கள். 2009-இல் சுமார் 172 லட்சம் பேர். உலகிலேயே அதிகம் பேர் போகும் தீம் பார்க் அதுதான்.

இதைப் பார்த்து, விலை ஏற்றியது சரி, மக்கள் கொடுக்கத் தயாராகத்தானே இருந்தார்கள் என்று முடிவு கட்டியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்கள் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். 2008 நிதியாண்டில் டிஸ்னியின் பூங்கா, விடுதிப் பிரிவு 190 கோடி டாலர் அளவுக்கு இயக்க லாபம் ஈட்டியது. 2009 நிதியாண்டில் அது சுமார் 142 கோடி டாலராகச் சரிந்தது. நான்கில் ஒரு பங்கு லாபம் காணாமல் போனது. வருமானமும் 7 சதவீதம் குறைந்தது.

கூட்டம் அப்படியே இருக்கிறது, டிக்கெட் விலை ஏறியிருக்கிறது, லாபம் மட்டும் கால் பங்கு விழுந்திருக்கிறது. பலகையில் எழுதிய விலையைப் பெரும்பாலானவர்கள் கொடுக்கவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். வந்தவர்கள் உள்ளே செலவழிப்பதையும் சுருக்கிக்கொண்டார்கள்.

2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டிஸ்னி அள்ளி வழங்கிய சலுகைகள் அதன் வரலாற்றில் அபூர்வமானவை. நான்கு இரவுகளுக்குப் பணம் கட்டினால் மூன்று இரவுகள் இலவசம் என்று விடுதி அறைகளும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ். குறிப்பிட்ட மாதங்களில் டிஸ்னி விடுதியில் தங்குவோருக்கு இலவசச் சாப்பாட்டுத் திட்டம். 2009 முழுவதும், பிறந்த நாள் அன்று வருபவருக்கு ஒரு நாள் டிக்கெட் இலவசம். 2010-இல் ஒரு நாள் சமூக சேவை செய்தால் ஒரு நாள் டிக்கெட் இலவசம் என்று பத்து லட்சம் பேருக்கு அறிவித்தார்கள். மார்ச் மாதத்திலேயே பத்து லட்சமும் முடிந்துவிட்டது. இலவசத்துக்கு அத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதே அன்றைய நிலைமையைச் சொல்லும்.

சமூக சேவைக்கு டிக்கெட் என்பது நல்ல யோசனை. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வேலையில்லாமல் வீட்டில் இருந்த எத்தனையோ பேர் உணவு வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள் வேலை பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பார்கள். என் கேள்வி, மற்ற சலுகைகளின் வடிவத்தைப் பற்றியது. ஏழு இரவுகள் தங்கினால் மூன்று இரவு இலவசம் என்ற சலுகை யாருக்குக் கிடைக்கும்? ஏழு இரவுகள் தங்க முடிந்தவருக்கு. ஒரு வாரம் விடுப்பு எடுத்தாலும் வேலை போகாது என்ற நிம்மதி உள்ளவருக்கு. நான்கு இரவுக் காசை முன்கூட்டியே கட்ட முடிந்தவருக்கு.

ஒரு நாள் டிக்கெட் என்னும் கண்ணி

டிஸ்னி வேர்ல்டின் விலை அமைப்பை உற்றுப் பார்த்தால்தான் இந்த விஷயம் விளங்கும். 2005-இல் அவர்கள் டிக்கெட் முறையை மாற்றியமைத்தார்கள். அதன்படி நாட்கள் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை வேகமாக இறங்கியது. அன்று ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் சில டாலர்கள்தான் ஆனது. ஏழு நாள் டிக்கெட் வாங்கியவர் ஒரு நாளுக்குக் கொடுத்தது, ஒரே ஒரு நாள் வந்தவர் கொடுத்ததில் பாதிகூட வரவில்லை.

இதன் நோக்கம் தெளிவானது. ஆர்லாண்டோவுக்கு வரும் குடும்பம் இரண்டு நாள் டிஸ்னி, இரண்டு நாள் யுனிவர்சல், ஒரு நாள் சீ வேர்ல்டு என்று பிரித்துக்கொள்ளாமல் முழு வாரமும் டிஸ்னியின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஐந்தாவது நாள் ஏறக்குறைய இலவசம் என்னும்போது வேறு பூங்காவுக்கு 79 டாலர் கொடுத்துப் போக யாருக்கு மனம் வரும்? தங்கும் ஒவ்வொரு நாளும் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, பொம்மைக் கடை என்று காசு அவர்களிடமே சேரும்.

இந்த அமைப்பில் ஒரு நாள் டிக்கெட்டின் விலை உயர்வுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, மற்ற டிக்கெட்டுகளை மலிவாகக் காட்டுவது. 79 டாலர் என்று பலகையில் இருந்தால்தான், ஏழு நாள் பேக்கேஜில் மிச்சப்படும் தொகை பெரிதாகத் தெரியும். சலுகை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் முழு விலை உயரமாக நிற்க வேண்டும். ஆகவே சரிவுக் காலத்தில் சலுகையும் விலை உயர்வும் ஒரே நேரத்தில் நடந்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. விலையை ஏற்றினார்கள், ஏற்றிய விலையிலிருந்து கழித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வேலைதான் என்னை உறுத்துகிறது. கழிவு கிடைக்காத ஒருவரிடமிருந்து முழு விலையையும் வாங்குவது. யார் அவர்? ஃப்ளோரிடாவில் குடியிருப்பவருக்குத் தனிச் சலுகை விலை உண்டு, அவர் இல்லை. நியூயார்க்கிலிருந்து விமானத்தில் வந்து ஒரு வாரம் தங்குபவரும் இல்லை. பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்தோ அலபாமாவிலிருந்தோ இரவெல்லாம் கார் ஓட்டி வந்து, நெடுஞ்சாலை ஓரத்து மலிவு விடுதியில் ஓர் இரவு படுத்து, ஒரே ஒரு நாள் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்விட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் குடும்பம்தான் அந்த 79 டாலரை ஒரு காசு குறையாமல் கொடுத்தது. வசதி குறைந்தவர்கள் அதிக விலை கொடுக்கும்படி அமைந்த கடை அது. நல்ல காலத்தில் அது வெறும் வியாபாரம். பத்துப் பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலத்தில் அதையே செய்வது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லோருக்கும் இந்த வித்தை பலிக்கவில்லை

அதே 2009-இல் மற்றப் பூங்காக்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாடெங்கும் பூங்காக்கள் நடத்திவந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் சுமார் 240 கோடி டாலர் கடனோடு ஜூன் 13-ஆம் தேதி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. தெற்குக் கரோலினாவின் மர்ட்டில் பீச் கடற்கரையில் 40 கோடி டாலர் செலவில் 2008-இல் திறந்த ஹார்டு ராக் பார்க், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே திவாலானது. பெயரை மாற்றி மறுபடி திறந்து பார்த்தார்கள். ஒரு பருவத்தோடு சரி. சீ வேர்ல்டு, புஷ் கார்டன்ஸ் பூங்காக்களை அவற்றின் உரிமையாளரான பீர் நிறுவனம் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

யுனிவர்சல் மட்டும் வேறு வழியில் போனது. 2010 ஜூன் 18-இல் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்தது. வாசலில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கூடுதலாகக் காசு கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 2009-இல் மேஜிக் கிங்டத்துக்குள் போனவருக்கு அப்படிக் கூடுதலாகப் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை.

கிடைக்காதது மட்டுமில்லை, இருந்தவர்களும் போனார்கள். 2009 ஏப்ரலில் டிஸ்னி தன் அமெரிக்கப் பூங்காக்களில் சுமார் 1,900 பணியிடங்களை ஒழித்தது. ஆர்லாண்டோவைச் சுற்றியுள்ள ஊர்களில் டிஸ்னியை நம்பி வாழ்வோர் ஏராளம்: அறை துடைப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள், வேஷம் கட்டி ஆடுபவர்கள். கிசிம்மி ஊரின் வழியாகப் போகும் 192-ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய மலிவு விடுதிகள் வரிசையாக உண்டு. சரிவுக் காலத்தில் வீட்டை இழந்த குடும்பங்கள் அந்த விடுதி அறைகளில் வாரவாடகைக்குக் குடியேறின. ஒரே அறையில் அப்பா, அம்மா, பிள்ளைகள், மைக்ரோவேவ் அடுப்பு. பள்ளிக்கூடப் பேருந்து விடுதி வாசலில் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனது. ஷான் பேக்கர் 2017-இல் எடுத்த ‘தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்’ படம் அந்தச் சாலையில், அப்படி ஒரு விடுதியில் வளரும் குழந்தைகளைப் பற்றியது. 1960-களில் டிஸ்னி வேர்ல்டுக்கான திட்டத்துக்கு வைத்திருந்த பெயரும் அதுவேதான். அந்த விடுதிகளிலிருந்து டிஸ்னியின் வாசலுக்குக் காரில் சில நிமிடங்கள்.

ஒரு டாலர் காலம்

1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாந்து திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனியாகச் சில்லறை கொடுக்க வேண்டும். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி ஆர்லாண்டோவில் மேஜிக் கிங்டம் திறந்தபோது வெறும் நுழைவு 3.50 டாலர், ஏழு சவாரிகளுக்கான சீட்டுப் புத்தகத்தோடு சேர்த்து 4.75 டாலர். அன்று குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர். நான்கு பேருக்கும் பெரியவர் விலையே போட்டாலும் 19 டாலர், அதாவது 12 மணி நேரக் கூலி. ஏழு சவாரிதான், இன்றுபோல் எண்ணிக்கையில்லாத சவாரி இல்லை என்பது உண்மை. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஒன்றரை நாள் கூலியில் ஒரு தொழிலாளியின் குடும்பம் உள்ளே போய் வர முடிந்தது.

அதே 1971-இல் வால்டர் ஓய் என்ற பொருளியலாளர் டிஸ்னிலாந்தின் விலை முறையை வைத்தே ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். போட்டி இல்லாத ஒரு பூங்கா வாசலில் அதிகம் வாங்கிக்கொண்டு சவாரிகளை இலவசமாக விடுவதா, வாசலில் விட்டுவிட்டுச் சவாரிகளில் வாங்குவதா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. உலகெங்கும் பொருளியல் வகுப்புகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். டிஸ்னி 1982-இல் சவாரிச் சீட்டுப் புத்தகத்தை ஒழித்து, வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடும் ஒரே டிக்கெட்டுக்கு மாறியது. ஆர்லாண்டோவில் அப்போது விலை 15 டாலர். 1984-இல் மைக்கேல் ஐஸ்னர் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும், இவ்வளவு காலம் மிகவும் மலிவாக விற்றுவிட்டோம் என்ற கணிப்போடு விலைகளை வேகமாக ஏற்றினார். 1990-இல் 31 டாலர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்கள் காலியாகப் பறந்த காலத்திலும், 2002-இல், 50 டாலரைத் தொட்டது. சரிவு வந்தால் பட்டியல் விலை இறங்கும் என்பது டிஸ்னியில் நடக்காத ஒன்று என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரே டிக்கெட் முறைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. வாசலைத் தாண்டிவிட்டால் எல்லோரும் சமம். வங்கி அதிகாரியின் மகளும் லாரி ஓட்டுநரின் மகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1999-இல் வந்த ஃபாஸ்ட் பாஸ் என்னும் முன்பதிவு முறைகூட எல்லோருக்கும் இலவசமாகத்தான் இருந்தது.

சலுகை போனது, விலை நின்றது

2011-க்குப் பிறகு பொருளாதாரம் மெல்ல நிமிர்ந்தது. அப்போது நடந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. சலுகைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. சரிவுக் காலத்தில் ஏற்றிய பட்டியல் விலை மட்டும் அப்படியே நின்றது; அதன் மேலிருந்து அடுத்த ஏற்றம் தொடங்கியது. 2012-இல் 89, 2013-இல் 95, 2014-இல் 99, 2015-இல் 105 டாலர். பூங்காப் பிரிவின் இயக்க லாபம் 2012 நிதியாண்டிலேயே சரிவுக்கு முந்தைய 190 கோடியை எட்டிவிட்டது. 2024 நிதியாண்டில், கப்பல்களும் பொம்மை வியாபாரமும் சேர்ந்த அந்தப் பிரிவு ஈட்டியது சுமார் 930 கோடி டாலர். கஷ்ட காலத்தில் மக்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விலையை ஏற்றி வைத்தது எதற்காக என்பதற்கு இந்தக் கணக்கு பதில் சொல்கிறது.

2016-இல் கூட்டம் அதிகமான நாளுக்கு அதிக விலை என்ற முறை வந்தது. பிறகு ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விலை. 2025 கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் ஒரு நாள் டிக்கெட் 199 டாலர், நம் காசில் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு தலைக்கு. கலிஃபோர்னியாவில் உச்ச நாளின் விலை 2025 அக்டோபரில் 224 டாலராக அறிவிக்கப்பட்டது. இலவச ஃபாஸ்ட் பாஸை 2021-இல் நிறுத்திவிட்டு, வரிசையில் முந்திப் போவதற்குத் தனிக்காசு வாங்கத் தொடங்கினார்கள். 2024-இல் ஆர்லாண்டோவில் உயர்தர முந்துசீட்டு அறிமுகமானபோது அதன் விலை நாளையும் பூங்காவையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை இருந்தது, டிக்கெட் போக. வாசலுக்குள் இருந்த அந்தச் சமத்துவமும் போய்விட்டது. இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பிள்ளையைத் தாண்டிக் காசு கொடுத்த பிள்ளை பக்கத்து வழியில் நடந்து போகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் என்று தொடங்கிய இடத்தில் இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

2024-இல் லெண்டிங் ட்ரீ என்ற நிதி நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், டிஸ்னி போனவர்களில் 24 சதவீதம் பேர் அந்தப் பயணத்துக்காகக் கடன் பட்டதாகச் சொன்னார்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரில் அது 45 சதவீதம். பிள்ளை ஏங்கிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கடன் அட்டையைத் தேய்க்கும் பெற்றோரை நமக்குத் தெரியும். அவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கம்பெனியின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். விலையைத் தேதிவாரியாக மாற்றுவது கூட்டத்தைப் பரவலாக்குகிறது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. டிஸ்னிலாந்தில் மிகக் குறைந்த நாளின் விலை 2019-இலிருந்து 104 டாலரிலேயே நிற்கிறது, அதுவும் உண்மை. 2023-இல் தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகர், லாபத்தைப் பெருக்கும் வேகத்தில் சில விலைகளைக் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றிவிட்டிருக்கலாம் என்று முதலீட்டாளர்கள் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பிறகும் உச்ச விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

டிஸ்னியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்காவில் விலைவாசி 40 ஆண்டு காணாத அளவுக்கு ஏறிய 2022-இல், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் நிறுவனம் மலிவு சீசன் பாஸ்களையும் தள்ளுபடிகளையும் வெட்டிவிட்டு விலையை ஏற்றியது. விடுமுறையில் பதின்வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் மலிவான காப்பகமாகத் தங்கள் பூங்கா ஆகிவிட்டது, இன்னும் வசதியான வாடிக்கையாளர்கள் வேண்டும் என்ற பொருள்பட அதன் தலைவர் பேசினார். ஓராண்டில் வருகை 277 லட்சத்திலிருந்து 205 லட்சமாக விழுந்தது. மொத்த வருமானமும் குறைந்தது. உள்ளூர்ப் பையன்களும் பெண்களும் கோடை விடுமுறையைக் கழிக்க ஓர் இடம் இருந்ததை அவர் குறையாக நினைத்தார். அந்தப் பிள்ளைகள்தான் அந்தப் பூங்காவின் உயிர்.

வேறு வழி இருக்கிறது

பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க்கில் நோபல்ஸ் என்ற பூங்கா 1926-இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் நடக்கிறது. பெருமந்தத்தில் நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பூங்காக்கள் மூடப்பட்டபோதும் அது தாக்குப்பிடித்தது. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. கார் நிறுத்தவும் காசு இல்லை. ஏறும் சவாரிக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். பேரனைச் சவாரியில் ஏற்றிவிட்டு மரநிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. இண்டியானாவில் சாண்டா கிளாஸ் என்ற சிற்றூரில் இருக்கும் ஹாலிடே வேர்ல்டு 2000-இலிருந்து உள்ளே வருபவர்களுக்குக் குளிர்பானத்தை இலவசமாகக் கொடுக்கிறது. கார் நிறுத்தவும் வெயிலுக்குப் பூசும் களிம்புக்கும்கூடக் காசு வாங்குவதில்லை. டிஸ்னியோடு ஒப்பிட்டால் இவை சின்னப் பூங்காக்கள். 2008 சரிவில் இவை திவாலாகவில்லை.

டிஸ்னியை நோபல்ஸ் மாதிரி ஆகச் சொல்லவில்லை. நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் ஓர் அளவைத் தாண்டும் ஆண்டுகளில் ஒரு நாள் டிக்கெட்டின் விலையை மட்டும் ஏற்றாமல் வைத்திருங்கள் என்பதுதான் கோரிக்கை. பேக்கேஜ் விலையை என்னவோ செய்துகொள்ளுங்கள், உயர்தர அறையின் வாடகையை ஏற்றுங்கள். இரவெல்லாம் கார் ஓட்டி வரும் குடும்பத்தின் அந்த ஒரு நாளைத் தொடாதீர்கள். 2009-இல் அந்த நான்கு டாலர் உயர்வு கம்பெனியின் லாபச் சரிவைத் தடுக்கவும் இல்லை. ஏற்றாமல் இருந்திருந்தால் பெரிதாக எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர், அங்கே போனால் ஆர்லாண்டோவுக்கும் ஒரு முறை போய்வருகிறார்கள். பிள்ளைகள் ஆசையாக அழைத்துப் போகிறார்கள். போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. விலை தேதிக்குத் தேதி மாறும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மிகக் குறைவு, ஆனால் அது புயல் காலம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். கழிவு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், கடைசியில் கையை விட்டுப் போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாள்தான் போக முடியும் என்றால் ஒரே ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுத்துக் காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள்; முந்துசீட்டுக் காசு மிச்சமாகும். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால், இந்த ஆண்டு வேண்டாம். குழந்தைக்கு அடுத்த ஆண்டும் அந்த வயதின் ஆசை இருக்கும்.